பிச்சைக்கு ஆன கை, வேலைக்கு ஆன கை

திருவண்ணாமலையில் ஊனமுள்ள ஒருவருக்குச் சோறு கிடைப்பது கடினமில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை, எங்காவது ஓரிடத்தில் யாராவது சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் வருகிறவர்களில் பலர் தர்மத்துக்கென்றே சில்லறை மாற்றி வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். அதே மனிதர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜ் ஒன்றில் ஏறி, ‘ஏதாவது வேலை இருக்குங்களா?’ என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். யாரும் விரட்டமாட்டார்கள். ‘உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கஷ்டம், உட்காருங்க, டீ சாப்பிடுங்க’ என்பார்கள். இரக்கத்தின் குரலில் வருவதால் அது மறுப்பு என்றே எங்கும் பதிவாவதில்லை. கேட்டவருக்கு மட்டும் தெரியும்.

இந்த ஊருக்கு மாற்றுத்திறனாளிகள் மீது அன்பு குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அன்பு அவர்களைத் தானம் பெற வேண்டியவர்களாகவே பார்த்துப் பழகிவிட்டது; கூலி பெறத் தக்கவர்களாகப் பார்க்கவில்லை. வேலையை ஆளுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் கைப்பழக்கம் இங்கே உருவாகவில்லை என்பதே என் முதன்மையான குறை. அந்தப் பழக்கத்தைக் கற்கத் தூர தேசம் போக வேண்டியதில்லை. 1989 வரை திருவண்ணாமலை எந்த மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததோ அந்த வட ஆற்காட்டிலேயே, வேலூரிலும் காட்பாடியிலும், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் அது செய்து பார்க்கப்பட்டிருக்கிறது.

அதற்கு முன் இரண்டு எண்களைப் பார்த்துவிடலாம். தேசிய மாதிரி ஆய்வின் 76-ஆம் சுற்று 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நாடெங்கும் மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுத்தது. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் வேலையில் இருப்பவர், வேலை தேடுபவர் இருவரையும் சேர்த்தால் 23.8 சதவீதம். அந்தக் கூட்டத்துக்குள் வேலையின்மை 4.2 சதவீதம்தான். பின்னதை மட்டும் ஒரு மேடையில் வாசித்தால் கைதட்டல் விழும். ஆனால் நூறில் எழுபத்தாறு பேர் தேடவே இல்லை என்பதை முன்னது சொல்கிறது. முதுமையால் ஊனமடைந்தவர்கள் இதில் கணிசமாக இருப்பார்கள். அவர்களைக் கழித்துப் பார்த்தாலும் மிச்சம் பெரிது. தேடாதவர் வேலையற்றோர் பட்டியலில் வரமாட்டார். லாட்ஜ் படியில் இரண்டு முறை டீ குடித்துத் திரும்பியவர் மூன்றாம் முறை ஏன் ஏறப்போகிறார்?

இனி வேலூர்க் கதை. கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் நரம்பு செத்து நகம்போல் மடங்கிப்போன விரல்களை, வேலை செய்யும் தசைநாணை இடம் மாற்றிக் கட்டி நிமிர்த்தும் அறுவையை 1948-இல் அவர் தொடங்கினார். விரல்கள் நிமிர்ந்தன. நோயாளிகள் ஊர் திரும்பினார்கள். பிறகு சிலர் வாடிய முகத்தோடு மறுபடி வந்து நின்றார்கள். பிராண்ட் பின்னாளில் பலமுறை சொன்ன அனுபவம் இது: மடங்கிய கைக்கு விழுந்த காசு நிமிர்ந்த கைக்கு விழவில்லை என்பது அவர்களுடைய முறையீடு. தழும்பைப் பார்த்த முதலாளி வேலையும் தரவில்லை. மருத்துவம் வெற்றி பெற்றது. மனிதருக்கு முன்பிருந்த பிழைப்பும் போயிற்று.

கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தால் இந்தச் சம்பவம் எழுபது ஆண்டு பழையதாகத் தோன்றவில்லை. கொடுக்கிறவரின் இரக்கம் எந்தக் கையைத் தேடி வருகிறதோ அந்தக் கையை அப்படியே வைத்திருப்பதுதான் பெறுபவருக்கு லாபம். பிச்சை எடுப்பவரைச் சோம்பேறி என்று திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. 1945-இன் சென்னைப் பிச்சை ஒழிப்புச் சட்டமும் போடவில்லை. அதற்குத் தெரிந்த ஒரே வழி பிடித்து அடைப்பது.

பிராண்ட் கல்லூரி வளாகத்திலேயே ‘நவஜீவ நிலையம்’ என்ற குடியிருப்பைத் தொடங்கித் தச்சு வேலை கற்றுத்தர ஏற்பாடு செய்தார். அங்கே நடந்த ஒரு சிறு வேலைதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உணர்ச்சியற்ற கையில் உளிப்பிடி அழுத்தினாலும் தெரியாது. கொப்புளம் வெடித்துப் புண்ணான பிறகே தெரியும். தொழுநோய் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிய காலம் அது. நிலையத்தில் தங்கியிருந்த பையன்களின் கைகளைத் தினமும் பார்த்தார்கள். ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். இது சுத்தியல் பிடியால் வந்தது, இது சூடான பாத்திரத்தால் வந்தது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. எதனால் என்று விளங்காத சில காயங்கள் இரவில் எலி கடித்ததால் வந்தவை. அதற்குப் பூனை வளர்த்தார்கள். காரணம் தெரிந்ததும் கருவியின் பிடியை மாற்றினார்கள், வேலை செய்யும் முறையை மாற்றினார்கள். புண் குறைந்தது. இன்று மனிதவளத் துறையினர் பெரிய பெரிய பெயர்களில் பேசும் பணிச்சூழல் மாற்றத்தின் சாரம் இவ்வளவுதான். வேலையைக் கூர்ந்து பார், எந்த இடத்தில் இடிக்கிறது என்று கண்டுபிடி, அந்த இடத்தை மாற்று.

அதே மருத்துவமனையில் இன்னொருவர். டாக்டர் மேரி வர்கீஸ், கேரளத்தின் செறாய் ஊரில் பிறந்தவர், 1954 ஜனவரியில் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. அறுவை மருத்துவர் என்றால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். இனி முடியாது என்பதே எல்லாரும் எண்ணியிருக்கக் கூடியது. ஆனால் தொழுநோயாளியின் கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்து செய்யலாம். பிராண்ட் அதை எடுத்துச் சொன்னார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து செய்தார். பின் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் திறக்கப்பட்டது. இந்தியாவில் அத்தகைய முதல் நிலையங்களில் ஒன்று. 1972-இல் பத்மஸ்ரீ. அவருடைய மன உறுதியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த மருத்துவமனை நிர்வாகம் செய்ததைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. வேலையை விட்டு அனுப்பாமல், அவரால் செய்யக்கூடிய பகுதி எது என்று தேடி, அதை அவர் கையில் கொடுத்தது. மன உறுதியுள்ள எத்தனையோ பேர் அப்படித் தேடிக்கொடுக்க ஒரு நிர்வாகம் இல்லாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாவது காட்பாடி. 1963-இல் ஸ்வீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் தொழுநோய் குணமானவர்களுக்காக அங்கே ஒரு தொழிற்கூடத்தை நிறுவியது. பின்னர் அது ‘வொர்த் டிரஸ்ட்’ என்ற இந்திய அறக்கட்டளையாகி, மற்ற ஊனமுள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டது. இரக்கத்துக்காக வாங்கும் மெழுகுவத்தியும் கைக்குட்டையும் செய்கிற இடமாக அது நின்றுவிடவில்லை. வண்டித் தொழிலுக்கான உதிரிபாகங்களைக் கடைந்தார்கள். வாங்குகிற கம்பெனி அளவு பார்த்துத்தான் எடுக்கும். உலகெங்கும் பார்வையற்றோர் பயன்படுத்தும் பெர்கின்ஸ் பிரெயில் தட்டச்சுப் பொறியும் அங்கே தயாரானது. திருவண்ணாமலையிலிருந்து பேருந்தில் சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது காட்பாடி.

தனித் தொழிற்கூடங்களுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் மட்டும் வேலை செய்யும் இடம் எவ்வளவு நன்றாக நடந்தாலும், மற்ற முதலாளிகளுக்கு அது ஒரு சாக்காகிவிடும்: ‘அவங்களுக்குன்னு தனி இடம் இருக்கே.’ ஓசூரில் டைட்டன் கடிகார ஆலை தொடக்கக் காலத்திலிருந்தே காது கேளாதவர்களையும் கை கால் ஊனமுள்ளவர்களையும் மற்றவர்களோடு ஒரே கூரையின் கீழ் எடுத்தது. அந்த வழிதான் பரவியிருக்க வேண்டும். பரவியது மிகக் கொஞ்சம்.

சட்டம் என்ன செய்தது? 1995-இன் ஊனமுற்றோர் சட்டம் அரசு வேலையில் அவர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கியது. அந்த 3 சதவீதத்தை எதிலிருந்து கணக்கிடுவது என்பதில் அரசுத் துறைகள் பல ஆண்டுகள் சாமர்த்தியம் காட்டின. 2013 அக்டோபர் 8-ஆம் தேதி தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பணியிடத் தொகுதியின் மொத்தக் காலியிடங்களை வைத்துக் கணக்கிடச் சொன்னது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு வகை ஊனம் 21 ஆயிற்று. ஒதுக்கீடு 4 சதவீதமாயிற்று. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளவர்களுக்கும் அதில் முதன்முதலாக இடம் வந்தது. நிரப்பாத இடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எந்தெந்தப் பணிக்கு எந்த ஊனமுள்ளவர் பொருந்துவார் என்று மத்திய அரசு 2021 ஜனவரி 4-இல் வெளியிட்ட பட்டியலில் 3,566 பணிகள் இருக்கின்றன. ‘இந்த வேலைக்கு இவங்க ஆகமாட்டாங்க’ என்று சொல்லும் அதிகாரி அந்தப் பட்டியலைப் புரட்டியிருக்கமாட்டார்.

தனியார் பக்கம் வந்தால் சட்டம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. மொத்தப் பணியாளர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி அரசு தன் வசதிக்கு உட்பட்டு முதலாளிகளுக்கு ஊக்கம் தர வேண்டும் என்கிறது, முதலாளிக்குக் கட்டாயம் இல்லை. ஜப்பானில் தனியார் நிறுவனங்களுக்கான கட்டாய அளவு 2024 ஏப்ரலில் 2.5 சதவீதமாயிற்று. ஜெர்மனியில் இருபதும் அதற்கு மேலும் ஆட்களை வைத்திருக்கும் முதலாளி 5 சதவீதம் எடுக்க வேண்டும், இல்லையேல் தொகை கட்ட வேண்டும். நம் நாட்டில் ஊக்கத்தின் கதி என்ன என்பதற்கு 2008-இன் திட்டம் சாட்சி. மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளம் பெறும் மாற்றுத்திறனாளியை வேலைக்கு எடுத்தால், முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பங்கை மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசே கட்டும் என்று ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது அறிவித்தார். ஆண்டுக்கு ஒரு லட்சம் வேலை இலக்கு. இலக்கின் அருகில்கூடத் திட்டம் போகவில்லை.

ஏன் என்பதைத் திருவண்ணாமலையில் நின்று யோசித்தால் விளங்கும். இந்த ஊரில் ஆள் எடுப்பவர்களில் பெரும்பாலோர் லாட்ஜ்காரர், மெஸ்காரர், பாத்திரக்கடை, துணிக்கடை முதலாளிகள். பி.எஃப். என்பதே பலருக்கு இல்லாத செலவு. இல்லாத செலவில் சலுகை கொடுத்து என்ன பயன்? இதே மாவட்டத்தின் செய்யாறு சிப்காட்டில் காலணி ஆலைகள் பல்லாயிரம் பேரை, பெரும்பாலும் பெண்களை, வைத்து ஓடுகின்றன. அங்கே அந்தச் சலுகைக்குப் பொருள் உண்டு. கோயிலைச் சுற்றிய நான்கு தெருக்களில் இல்லை. இங்கே முதலாளியைத் தடுப்பது பணக்கணக்கு என்பதைவிட, ‘எப்படி வேலை வாங்குறது, ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது’ என்ற கலக்கம். அதைப் போக்க மானியம் உதவாது. கூட நின்று ஒரு வாரம் காட்டிக்கொடுக்கும் ஆள்தான் உதவுவார்.

காட்டிக்கொடுப்பது என்றால் என்ன? ஒரு லாட்ஜை எடுத்துக்கொள்வோம். ‘ரூம் பாய்’ என்ற ஒரே பெயரில் பெட்டி தூக்குவது, மாடி ஏறுவது, விரிப்பு மாற்றுவது, துண்டு எண்ணி வெளுக்கப் போடுவது, தண்ணீர் வைப்பது, டீ வாங்கி வருவது எல்லாம் ஒருவர் தலையில் இருக்கின்றன. போலியோ பாதித்த கால் உள்ளவரால் பெட்டி தூக்கி மாடி ஏற முடியாது. ஆகவே ‘ரூம் பாய்’ வேலைக்கு ஆகாது என்று முடிவாகிறது. நான்கு பேர் இருக்கும் இடத்தில் வேலையைப் பிரித்துப் பார்த்தால், துணி எண்ணி மடித்துப் பதிவேடு எழுதும் பகுதி ஒரு முழு ஆளுக்கான வேலை. மெஸ்ஸில் பார்சல் கட்டும் இடம் காது கேளாதவருக்குப் பொருந்தும். ஆர்டரைக் கத்திச் சொல்வதற்குப் பதில் சீட்டில் எழுதிக் கம்பியில் குத்தினால் போதும். அது கேட்கும் காதுள்ள சப்ளையருக்கும் தவறைக் குறைக்கும். அறிவுசார் குறைபாடுள்ள இளைஞருக்கு வேலையின் வரிசையைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டி, ஒரே ஆள் தினமும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுத்தால் காய் கழுவுவதும் இலை அடுக்குவதும் படிந்துவிடும். படிய ஒரு மாதம் ஆகலாம். படிந்தபின் அவர் எளிதில் வேலையை விட்டுப் போகமாட்டார். பத்து நாளுக்கு ஒரு முறை ஆள் மாறும் மெஸ்காரருக்கு அதன் மதிப்பு தெரியும். அமெரிக்காவில் இத்தகைய மாற்றங்களுக்கு ஆலோசனை தரும் அமைப்பு ஒன்று முதலாளிகளிடம் ஆண்டுக்கணக்கில் கேட்டுவருகிறது. ஏறக்குறைய பாதி மாற்றங்களுக்குச் செலவே இல்லை என்பது அவர்கள் தரும் பதில்.

பார்வையற்றவர் என்றதும் நம் மனம் நாற்காலி பின்னுவதற்கும் டெலிபோன் எடுப்பதற்கும் போய்விடுகிறது. சென்னையின் பெனோ செஃபைன் ஸ்டேட் வங்கியில் அதிகாரியாக இருந்து 2015-இல் இந்திய வெளியுறவுப் பணிக்குப் போனார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணியில் சேர்ந்தது அதுவே முதல் முறை. மதுரையின் பூரண சுந்தரி 2019-ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வில் 286-ஆவது இடம் பெற்றார். திரை வாசிக்கும் மென்பொருள் உள்ள கணினி இருந்தால், அலுவலக வேலையில் பெரும்பகுதியைப் பார்வையற்றவர் செய்யலாம். காகிதக் கோப்பில் பேனாவால் எழுதும் அலுவலகத்தில் அது நடக்காது. ஊனம் அலுவலகத்தில் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

வேலை இருந்தாலும் அங்கே போய்ச் சேர வேண்டுமே. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணமில்லை. நல்லது. ஆனால் படி உயரமானது. சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்துக்காக மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்திய நீண்ட வழக்குக்குப் பின் 2024-இல் சென்னையில் அவை ஓடத் தொடங்கின. திருவண்ணாமலைக் கிராமத் தடங்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. இரண்டு கால்களும் பாதித்தவர்களுக்கு அரசு தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் படிப்பவருக்கும் வேலையிலோ சுயதொழிலிலோ இருப்பவருக்கும் உரியது. வேலைக்குப் போக வண்டி வேண்டும், வண்டி வாங்க வேலை வேண்டும் என்ற முடிச்சு இதில் விழுகிறது. இந்த ஊருக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் பேருந்துகளை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்திவிடுகிறார்கள். லாட்ஜுக்கும் மெஸ்ஸுக்கும் அதிக ஆள் வேண்டிய நாள் அதுதான். ஊன்றுகோலுடன் வரும் ஊழியர் மூன்று நான்கு கிலோமீட்டர் கூட்டத்தில் நடக்க வேண்டிய நாளும் அதுதான். முந்தைய இரவே தங்க ஓர் இடம் கொடுத்தால் தீரும் பிரச்சினை. கேட்காமல் அது யாருக்கும் தோன்றாது. வேலை போய்விடுமோ என்று ஊழியர் கேட்கவும் மாட்டார்.

ஆள் எடுக்கும் விதத்திலும் ஒரு கோணல் இருக்கிறது. ‘எத்தனை பர்சன்டேஜ்?’ என்பதுதான் முதல் கேள்வி. மருத்துவர் தரும் 40, 60, 75 சதவீதம் உதவித்தொகைக்கும் ஒதுக்கீட்டுக்கும் தகுதி பார்க்க உதவும். ஒருவரால் என்ன செய்ய முடியும் என்பதை அது சொல்லாது. ‘தினமும் யார் கூட்டிட்டு வருவாங்க?’ என்பது அடுத்தது. பெண்ணாக இருந்தால், ‘வீட்ல விடுவாங்களா?’ என்றும் வரும். வேலையைக் காட்டி, ‘இதை எப்படிச் செய்வீங்க?’ என்று கேட்டால் நேர்காணல் பாதி முடிந்தது. மீதியைச் சம்பளத்தோடு ஒரு வாரம் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

புதிதாக எடுப்பதைவிட எளிதானது ஒன்று உண்டு. ஏற்கெனவே இருப்பவரை அனுப்பாமல் இருப்பது. திண்டிவனம்–கிருஷ்ணகிரி சாலையில் அடிபட்டுக் காலை இழந்த சப்ளையர், சர்க்கரை நோயில் பார்வை மங்கிய கணக்கர், இவர்களுக்குத் தொழில் தெரியும், முதலாளியின் முகம் தெரியும். பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை நீக்கக் கூடாது, ஏற்ற வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று 2016 சட்டத்தின் 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. தனியார் முதலாளியை அப்படிக் கட்டுப்படுத்தவில்லை. சரி, மேரி வர்கீஸை வேலையில் வைத்திருந்த மருத்துவமனைக்கு 1954-இல் எந்தச் சட்டம் இருந்தது?

முன்மாதிரியாக நிற்க வேண்டியவை மூன்று இடங்கள்: அருணாசலேசுவரர் கோயில், 2024-இல் உருவான மாநகராட்சி, வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகம். கோயிலில் சீட்டு விற்பனை, தட்டச்சு, கேமரா கண்காணிப்பு அறை, ஒலிபெருக்கி அறிவிப்பு, பிரசாதம் கட்டுதல் என மாற்றுத்திறனாளிகளுக்குப் பொருந்தும் பணிகள் நிறைய. லாட்ஜ்காரர் கோயிலைப் பார்த்துத்தான் பழகுவார். அங்கே அன்னதானக் கூடத்தில் சாப்பிடும் மாற்றுத்திறனாளியை மட்டும் பார்த்தவர், சீட்டு கொடுக்கும் மாற்றுத்திறனாளியிடம் கை நீட்டி மீதிச் சில்லறை வாங்க வேண்டும்.

மொத்தப் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்கு உரியவை எத்தனை, நிரப்பியவை எத்தனை, நிலுவை எந்த ஆண்டிலிருந்து என்று இந்த இடங்கள் தம் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும். எழுதாவிட்டால் வாசகர்களில் யாராவது கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.